சுவரோவியம் உரிகிறதா, பூக்கிறதா, வெளுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

சுவரில் தீட்டிய படம் கெட்டுப்போனால் முதலில் திட்டு வாங்குவது பெயின்ட்தான். ஆனால் சுவரோவியக் கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்குகின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கும் மழைநீர், அடியிலிருந்து ஏறும் ஓதம் (மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம்), சுவருக்குப் பின்னால் கசியும் குழாய், யாரோ பக்கத்தில் தொங்கவிட்ட ஏ.சி. வடிகுழாய். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் அடுத்த மழை முடிவதற்குள் அதே இடம் மறுபடி எழும்பிவிடும்.

படம் கெடத் தொடங்கியதும் பலர் பதறிப்போய் மேலே ஒரு கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்துவிடுகிறார்கள். ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டும் வேலை அது. காரணம் தெரியும்வரை அந்த டப்பாவைத் திறக்காதீர்கள்.

முதல் சோதனை: செதிலைத் திருப்பிப் பாருங்கள்

உரியும் இடத்தின் ஓரத்தில் சுரண்டியை மெதுவாகக் கொடுத்து, விரல் நகம் அளவுக்கு ஒரு செதிலை எடுங்கள். உள்ளங்கையில் கவிழ்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு காட்டும் லென்ஸால் அதன் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் எதையும் சொல்லாது, முதுகு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

முதுகில் மணலும் சிமென்ட் துகளும் ஒட்டியிருந்தால் பெயின்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, அடியிலுள்ள சிமென்ட் பூச்சுதான் வலுவில்லாமல் விட்டிருக்கிறது. வெள்ளை மாவு போல் ஒரு படலம் இருந்து, ஈர விரல் பட்டதும் குழைந்தால் அது பட்டி, அதாவது பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமன்செய்யப் பூசும் புட்டி. உள்சுவருக்கான பட்டியையோ ஜிப்சம் கலந்ததையோ வெளிச்சுவரில் போட்டிருக்கிறார்கள். மழை பட்டால் அது கரையத்தான் செய்யும். ஊசி போன்ற படிகங்கள் மினுங்கினால் உப்பு. முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால், கீழே பழைய எனாமலோ, வார்ப்புக் கான்கிரீட்டில் மிஞ்சிய அச்சு எண்ணெயோ இருந்திருக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் பெயின்ட் நழுவியிருக்கிறது. செதில் உங்கள் கோட்டுகளுக்கு நடுவிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால், முதல் கோட்டின் மேல் பனியோ தூசியோ படிந்த பிறகு இரண்டாவது கோட் போயிருக்கிறது.

உரியாத இடம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கூரான பிளேடால் 4 செ.மீ. நீளத்தில் எக்ஸ் வடிவில் இரண்டு கீறல் போடுங்கள். நல்ல ஒட்டுத்திறன் உள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, ஒன்று ஒன்றரை நிமிடம் கழித்து, பின்பக்கமாக மடித்து ஒரே இழுப்பில் எடுங்கள். கீறலின் ஓரத்தில் மட்டும் பிசிறு வந்தால் பரவாயில்லை. முக்கோணமாகப் பெயர்ந்து வந்தால் அந்தப் பகுதியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. இந்தச் சோதனையைப் படத்தின் முகத்திலோ எழுத்திலோ செய்யாமல் பின்னணி நிறத்தில் செய்யுங்கள்.

அறிகுறி: செதில் செதிலாக உரிகிறது, கொப்புளம் எழும்புகிறது

கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காய்ந்திருந்தால் கொதிக்கும் வெயிலில் அடித்த பெயின்ட். மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய ஆவி அதைத் தூக்கிவிட்டிருக்கும். அக்ரிலிக் எமல்ஷனுக்குச் சுவரின் மேற்பரப்பு சுமார் 10 டிகிரிக்குக் கீழேயும் 35 டிகிரிக்கு மேலேயும் போகக் கூடாது. காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெயில் படும் கரும்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். நிழல் சுவரில் நகரும் திசையைப் பின்தொடர்ந்து வேலை செய்வதே வழி. மாலையில் அதற்கு நேரெதிர்த் தொல்லை: சுவரின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல்தான் அடிக்கிறீர்கள்.

ஈரம் உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று பிரிக்க, 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அடியில் சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். மூன்று உயரங்களில் ஒட்டிப் பாருங்கள்: தரையிலிருந்து ஒரு சாண் மேலே, இடுப்பளவு, தலைக்கு மேல். கீழே மட்டும் வியர்த்தால் ஏறும் ஓதம். மேலே மட்டும் என்றால் கைப்பிடிச் சுவரின் உச்சியைப் பாருங்கள். ஒரே ஒரு திட்டில் என்றால் அதன் பின்னால் குழாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மேலிருந்து வரும் தண்ணீருக்கு மருந்து மலிவானது, ஆனால் யாரும் செய்வதில்லை. கைப்பிடிச் சுவரின் உச்சியில் மூடுகல் பதித்து, அது சுவரைவிட 4 செ.மீ.யாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். அதன் அடிப்பக்கம் ஒரு சொட்டுக் காடி (நீரைச் சொட்டவைக்கும் நீளப் பள்ளம்) வெட்டியிருக்க வேண்டும். அந்தக் காடி இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே சுவருக்குத் திரும்பி வந்துவிடும்.

அடியிலிருந்து ஏறும் ஓதத்தை ஓவியரால் நிறுத்த முடியாது. படத்தை அதற்கேற்ப அமைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கீழே 50 முதல் 60 செ.மீ. வரை படத்தில் முக்கியமான எதையும் வைக்காமல், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கக்கூடிய ஒற்றை நிறப் பட்டையாக விடுங்கள். தரையில் விழும் மழை தெறிப்பதும் அந்த உயரத்துக்குள்தான். அந்தப் பட்டைக்குச் சுண்ணாம்போ சிலிகேட் பெயின்ட்டோ நல்லது. இரண்டும் ஈரத்தை வெளியே மூச்சுவிட விடும். 1878இல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற சிலிகேட் பெயின்ட், பூச்சோடு வேதிவினை புரிந்து கல்லாகவே இறுகும் வகை. பழைய எமல்ஷன் மேலோ ஜிப்சம் மேலோ அது பிடிக்காது. கீழே உள்ளதை முழுக்கச் சுரண்டிப் பூச்சு தெரியும்வரை போனால்தான் வேலைக்கு ஆகும்.

உரிந்த இடத்தைச் சரிசெய்யும் வரிசை இது: காரணத்தை நிறுத்துங்கள். சுவர் காயும்வரை பொறுங்கள். தடித்த சுவருக்கு மாதங்கள் ஆகலாம். தளர்ந்ததை மட்டும் சுரண்டுங்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போய், உள்ளே காலியான சத்தம் வரும் பூச்சை வெட்டி எடுங்கள். ஓரங்களை 120 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். தூசியைத் துடைத்து, ஊடுருவும் அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். அது பளபளப்பாக மேலேயே நின்றால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். அதன் பிறகு வெளிச்சுவருக்கான பட்டி, மறுபடி பிரைமர், நிறம்.

அறிகுறி: வெள்ளையாகப் பூத்திருக்கிறது

மூன்று வேறு நோய்கள் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிந்துவிடும்.

தண்ணீர் பட்டதும் வெள்ளை மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்பி வந்தால் உப்பு. விரலால் தேய்த்தால் வெள்ளையோடு படத்தின் நிறமும் சேர்ந்து மாவாக வந்தால் பெயின்ட்டின் பிணைப்பு (நிறப்பொடியைப் பிடித்துவைக்கும் பசை) வெயிலில் சிதைந்துவிட்டது. தேய்த்தால் எதுவும் வராமல், பால் ஊற்றியதுபோல் மங்கலாக இருந்தால் கிளியர் கோட்டுக்குள் ஈரம் சிக்கியிருக்கிறது.

உப்புக்கு: காய்ந்த மென்மையான பிரஷால் உதறி, உதிர்வதைத் தட்டில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். தரையில் கொட்டினால் அடுத்த மழையில் அதே சுவருக்குள் ஏறும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது தப்பு; உப்பு கரைந்து உள்ளே போய், காயும்போது மறுபடி வெளியே வரும். அமிலம் ஊற்றுவது அதைவிடத் தப்பு. அது சிமென்ட்டோடு சேர்ந்து கால்சியம் குளோரைடு என்ற புது உப்பையே உண்டாக்கும், படமும் போகும். பிடிவாதமான இடங்களில் காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து, மெல்லிய ஜப்பானியத் தாளின் மேல் 1 செ.மீ. கனத்துக்கு அப்பி, முழுக்கக் காயும்வரை விட்டு உரித்தெடுங்கள். கூழ் காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். நிறம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் முதலில் அதைப் பதியவைத்த பிறகே கூழ்.

மாவாக உதிர்வதற்கு: நிறத்தில் அதிகத் தண்ணீர் கலந்தது பெரும்பாலும் காரணம். வெளிர் விளைவு வேண்டுமென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பிணைப்பு குறைந்து நிறப்பொடிதான் சுவரில் நிற்கும். டப்பாவில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். மெல்லிய படலம் வேண்டுமென்றால் நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தைச் சேருங்கள். ஏற்கெனவே மாவாகிவிட்டதை, சுவர் காய்ந்திருக்கிறது என்று உறுதியானால் மட்டும், நன்றாக நீர்த்த அக்ரிலிக் கரைசலைத் தெளித்துப் பிணைக்கலாம். ஓரத்தில் சிறிய இடத்தில் தெளித்துப் பாருங்கள். நிறம் கறுத்துவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும்.

அறிகுறி: புதுப் பூச்சில் நிறம் திட்டுத் திட்டாக எரிந்துபோனது

சிமென்ட் பூச்சு முதலில் கடும் காரம், பி.எச். 12க்கு மேல். புதுப் பூச்சின் மேல் பெயின்ட் அடிக்க 28 நாள் பொறுக்கச் சொல்வது இந்தக் காரம் தணியவும் சேர்த்துத்தான். பிரஷ்யன் நீலம் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். எண்ணெய் சார்ந்த எனாமல் சோப்பாக மாறிப் பிசுபிசுக்கும். தாலோ நீலம், தாலோ பச்சை, இரும்பு ஆக்சைடு சிவப்பும் மஞ்சளும், அல்ட்ராமரைன் ஆகியவை காரத்தைத் தாங்கும். அல்ட்ராமரைன் அமிலத்துக்குத்தான் பயப்படும்; புகை மண்டிய நகரத்தின் அமில மழையில் அது வெளிறலாம்.

ஒரு சதவீத பினால்ப்தலீன் கரைசலைச் சுரண்டிய பூச்சில் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இன்னும் இருக்கிறது. பொறுங்கள், அல்லது காரம் தாங்கும் பிரைமர் போடுங்கள். இதே திரவம் கம்பி போட்ட கான்கிரீட்டில் நேர்மாறான செய்தி சொல்லும். அங்கே இளஞ்சிவப்பு நல்ல சகுனம், கம்பியைக் காக்கும் காரம் உயிரோடு இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே இறங்கிவிட்டது, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கலாம்.

அறிகுறி: வெடிப்பு

பழுப்புக் கறையோடு நேர்கோட்டில் வெடித்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட்டைத் தள்ளத்தான் செய்யும். இது பட்டி வைத்து மறைக்கிற விஷயமில்லை. கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. வரை கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். தூண், உத்தரம் என்றால் பொறியாளரைக் கூப்பிட்ட பிறகுதான் சாரம் கட்டுவது.

மற்ற வெடிப்புகளில் ஒரே கேள்விதான்: அது இன்னும் நகர்கிறதா? குறுக்கே பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, அகலத்தை அளந்து வையுங்கள். வெயில் காலம், மழைக்காலம் இரண்டையும் பார்த்த பிறகே முடிவு. நகராத மயிரிழை வெடிப்புக்கு (0.3 மி.மீ.க்குள்) நிரப்பும் பிரைமரே போதும். நகர்வதற்கு 6 மி.மீ. அகலமும் ஆழமுமாகக் காடி எடுத்து, பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் வையுங்கள். சிலிகான் வைத்தால் அதன் மேல் எந்த நிறமும் ஒட்டாது. இரண்டு கட்டடம் சேரும் விரிவு இணைப்பின் மேல் ஒரு முகம் வருகிறது என்றால், வடிவத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

அறிகுறி: நிறம் வெளுத்துவிட்டது

எல்லா நிறமும் ஒரே சீராக மங்கியிருந்தால் மேலே படிந்த தூசியாகவோ மாவாகவோ இருக்கலாம். ஈரப்பஞ்சால் துடைத்துப் பார்த்த பிறகு கவலைப்படுங்கள். குறிப்பிட்ட நிறங்கள் மட்டும் போயிருந்தால் நிறப்பொடியின் குணம். மலிவான ஆர்கானிக் மஞ்சளும் சிவப்பும், வெள்ளை கலந்து வெளிர வைத்த ஊதாவும் முதலில் போகும். ஒளிரும் நிறங்கள் மாதக்கணக்கில்தான் நிற்கும். அவற்றை எந்தப் புறஊதாத் தடுப்புப் பூச்சும் முழுசாகக் காப்பாற்றாது.

டப்பாவில் உள்ள நிறத்தின் பெயரை நம்பாமல், அதில் எந்த நிறப்பொடி இருக்கிறது என்று சொல்லும் குறியீட்டைப் பாருங்கள். பி.ஒய். 42 (இரும்பு மஞ்சள்), பி.ஆர். 101 (இரும்புச் சிவப்பு), பி.ஒய். 184 (பிஸ்மத் வனடேட்), பி.பி. 15, பி.ஜி. 7 (தாலோ வகை), பி.பி. 28 (கோபால்ட் நீலம்), பி.ஜி. 17 (குரோமியம் ஆக்சைடு), பி.டபிள்யூ. 6 (டைட்டானியம் வெள்ளை, ரூட்டைல் வகை) வெளிச்சுவரில் நம்பலாம். பி.ஆர். 83 என்ற அலிசரின் சிவப்பை வெயில் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். குறியீடே அச்சிடாத பெயின்ட்டைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

வேலை நடக்கும்போதே வரும் சில்லறைத் தொல்லைகள்

மஞ்சள் நாலு கோட் போட்டும் மூடவில்லை என்றால் அந்த நிறப்பொடிக்கு ஊடுருவித் தெரியும் குணம் உண்டு. ஐந்தாவது கோட் போடாமல், வெள்ளையில் அதே மஞ்சளைக் கொஞ்சம் கலந்து அடிக்கோட்டாகக் கொடுத்து, அதன் மேல் ஒன்றோ இரண்டோ கோட் போடுங்கள். சிவப்புக்கு அடியில் நடுத்தரச் சாம்பல் வைத்தால் சீக்கிரம் மூடும்.

கோடு வரைந்த பெர்மனென்ட் மார்க்கர் வெளிர் நிறத்தின் வழியாக எட்டிப் பார்க்கும். நேர்கோடு விழப் பொடி தடவிய நூலைச் சுவரில் அடிக்கும்போது சிவப்புப் பொடி எடுத்தாலும் அப்படித்தான். நீர்த்த பெயின்ட்டாலோ வாட்டர்கலர் பென்சிலாலோ வரையுங்கள், நூலுக்கு நீலப்பொடி.

உருவம் நீண்டோ சரிந்தோ வந்தால் ப்ரொஜெக்டர் சுவருக்கு நேர்செங்குத்தாக இல்லை, அல்லது கட்டத்தை ஜன்னல் விளிம்பை நம்பி வரைந்திருக்கிறீர்கள். பழைய கட்டடத்தில் ஜன்னல் எதுவும் மட்டமாக இருக்காது. தூக்குக்குண்டும் மட்டக்குழாயும் மட்டுமே சாட்சி.

முதல் சில நாள் பனியிலோ தூறலிலோ பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள் வழிந்தால் பயப்பட வேண்டாம். எமல்ஷனில் உள்ள சோப்புப் பொருள்கள் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். காய்ந்து இறுகவிட்டால்தான் கறை நிற்கும்.

அறிகுறி: கரும்புகை, பாசி, பூஞ்சை

போக்குவரத்து நெரிசல் உள்ள தெருவில் புகை படிவது தவிர்க்க முடியாது. வெடிப்பை மறைக்க ரப்பர் போல் இழுபடும் பெயின்ட் அடித்த சுவரில் அது இன்னும் வேகமாக ஒட்டும். வெயிலில் அந்தப் பெயின்ட் இளகிப் பிசினாக நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 முதல் 10 மி.லி. அயனியற்ற சோப்பு கலந்து, மென்பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மேலிருந்து தேய்த்தால் அழுக்குநீர் காய்ந்த பகுதியில் ஓடிக் கோடு விழும். உயரழுத்த நீர்த்துப்பாக்கி ஓவியத்தின் பக்கமே வரக் கூடாது.

பச்சைக்கும் கறுப்புக்கும் பென்சால்கோனியம் குளோரைடு 1 முதல் 2 சதவீதக் கரைசல் தடவி, ஒருநாள் விட்டு, செத்ததைப் பிரஷால் எடுங்கள். பிளீச்சிங் திரவம் வெறும் சுவருக்குச் சரி. படத்தின் மேல் அது நிறத்தையும் அரிக்கும், உப்பையும் விட்டுப்போகும். அதை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், வரும் வாயு ஆளைக் கொல்லும்.

அறிகுறி: மேலே யாரோ ஸ்ப்ரே அடித்துவிட்டார்கள்

நேரம்தான் முக்கியம். ஓரிரு நாளுக்குள் தொட்டால் பாதி வேலை மிச்சம். 5 செ.மீ. சதுரத்தில் சோதித்துப் பாருங்கள்: முதலில் சோப்புநீர், அடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அதன் பிறகுதான் வலுவான கரைப்பான்கள். பஞ்சில் படத்தின் நிறம் தெரிந்த நொடியே நிறுத்துங்கள். அசிட்டோன் அக்ரிலிக்கையே கரைத்துவிடும். கிறுக்கலும் படமும் ஒன்றாகக் கரையும் நிலையில், கிறுக்கலின் மேல் பொருந்தும் நிறத்தைத் தீட்டுவதே சேதம் குறைந்த வழி.

முன்கூட்டியே காக்க இரண்டு வகைப் பூச்சு உண்டு. மெழுகு வகையைச் சுடுநீரால் கிறுக்கலோடு சேர்த்து எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூச வேண்டும், வெயிலில் தூசியும் பிடிக்கும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பலமுறை கழுவினாலும் தாங்கும். ஆனால் அதைப் பிறகு படத்துக்குச் சேதமில்லாமல் எடுக்கவே முடியாது, சுவரின் மூச்சையும் அடைக்கும். ஓதம் உள்ள சுவருக்கு மெழுகு, காய்ந்த கான்கிரீட்டுக்கு மட்டும் பாலியூரித்தேன் என்பது எங்கள் கருத்து. ஆள் கை எட்டும் 2.5 மீட்டர் உயரம் வரை பூசினால் போதும்.

அறிகுறி: தொட்டுத் தீட்டிய இடம் தனியாகத் தெரிகிறது

மூன்று காரணம்: கழுவாமல் அழுக்கோடு நிறம் பொருத்தினீர்கள், ஈரமாக இருக்கும்போது பொருத்தினீர்கள் (அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும்), அல்லது நிறம் சரி, பளபளப்பு வேறு. கழுவி, காயவிட்டு, நிறத்தை அட்டையில் தடவிக் காய்ந்த பிறகு சுவரில் வைத்துப் பாருங்கள். காலை, மாலை இரு வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். உதிர்ந்த இடத்துக்குள் மட்டும் தீட்டுங்கள். நல்ல நிறத்தின் மேல் ஏறினால் அந்தத் திட்டு வருடா வருடம் பெரிதாகும்.

அடுத்த முறை இந்தப் பாடு படாமல் இருக்க, கலந்த ஒவ்வொரு நிறத்திலும் 30 மி.லி. மூடியிட்ட குப்பியில் எடுத்து வைத்து, ஒரு அட்டையில் தடவிக் கலவை விகிதத்தோடு இருட்டில் வையுங்கள். அட்டையைச் சுவரோடு ஒப்பிட்டால் எந்த நிறம் எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

தொட்டுத் தீட்டுவதா, முழுக்க மறுபடி தீட்டுவதா?

பெர்லின் சுவரின் மிச்சத்தில் ஈஸ்ட் சைட் கேலரி என்ற ஓவிய வரிசை 1990இல் தீட்டப்பட்டது. சிதைந்த பிறகு 2009இல் பழையதை அகற்றி ஓவியர்களே மறுபடி தீட்டினார்கள், சிலர் மறுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் 1932இல் சிமென்ட் மேல் வரைந்த ‘அமெரிக்கா ட்ரோபிக்கல்’ வெள்ளையடிக்கப்பட்டு மறைந்து கிடந்தது. அதைச் சுத்தம் செய்து நிலைப்படுத்தினார்கள், நிறத்தைத் திரும்பத் தீட்டவில்லை. 2012இல் மங்கிய நிலையிலேயே மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். ஓவியர் உயிரோடு இருந்து, மூல வரைபடமும் நிற அட்டையும் கையில் இருந்தால் மறுபடி தீட்டலாம். அவர் இல்லையென்றால், உதிர்வதை நிறுத்துவதோடு விட்டுவிடுங்கள்.

இரண்டில் எதுவானாலும் முடிவைச் சுவர் கெட்ட பிறகு எடுப்பது தாமதம். தீட்டும் முன்பே கட்டட உரிமையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார் கழுவுவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, பழுது பார்க்கும் செலவு யாருடையது, சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ போனால் எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1990இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், கட்டடத்தைச் சிதைக்காமல் படத்தை அகற்ற முடியும் என்றால் 90 நாள் எழுத்துமூல அறிவிப்பைக் கேட்கிறது. நியூயார்க்கில் ஸ்ப்ரே ஓவியங்களுக்குப் பேர்போன ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் 2013இல் அறிவிப்பில்லாமல் வெள்ளையடித்த உரிமையாளருக்கு 2018இல் நீதிமன்றம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.